நிலாவின் முதுகு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. "நிலா தன்னைத் தானே சுற்றுகிறது என்றால் அதன் முதுகும் ஒரு நாளாவது நம் கண்ணில் பட வேண்டும். படவே இல்லை. அதனால் நிலா சுற்றவில்லை" என்று ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் அடித்துச் சொல்வதாகவும், அதற்குப் பதில் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவளுடைய முடிவு தவறு. ஆனால் அந்த முடிவுக்கு வந்த வழி அருமையானது. கண்ணால் கண்டதை வைத்துக்கொண்டு, அதிலிருந்து என்ன தெரிகிறது என்று யோசித்திருக்கிறாள். பாடத்தை அப்படியே ஒப்பிக்கிற பிள்ளையைவிட இவள் வானியலுக்கு நெருக்கமானவள் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவள் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு போனால் வியாழன், சனி, புளூட்டோ வரைக்கும் போகலாம் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு நீங்கள் உட்காருங்கள். உங்களையே பார்த்தபடி உங்களைச் சுற்றி நடக்கும்படி மகளிடம் சொல்லுங்கள். அவள் முதுகு உங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரு சுற்று முடிவதற்குள் கூடத்தின் நான்கு சுவர்களும் அவள் கண்ணுக்கு எதிரே வந்து போயிருக்கும். நான்கு சுவரையும் பார்த்துவிட்டு முதல் சுவருக்கே திரும்பினாள் என்றால், அவள் தன்னைத் தானே ஒருமுறை சுற்றியிருக்கிறாள். அடுத்து, முகத்தை வாசல் பக்கமே வைத்துக்கொண்டு உங்களைச் சுற்றி வரட்டும். பக்கவாட்டில் நகர்ந்தும் பின்னால் நடந்தும்தான் அவளால் வர முடியும். இப்போது அவள் தன்னைச் சுற்றவில்லை. ஆனால் முகம், தோள், முதுகு எல்லாமே முறை வைத்து உங்களுக்குத் தெரியும். நிலா சுற்றாமல் இருந்திருந்தால்தான் அதன் முதுகை நாம் பார்த்திருப்போம்!

நிலா பூமியைச் சுற்றிவர 27.3 நாள். தன்னைத் தானே சுற்றிக்கொள்ளவும் அதே 27.3 நாள். அமாவாசைக்கு அமாவாசை 29.5 நாள் ஆகிறதே என்று மகள் கேட்கக்கூடும். நிலா ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றிக் கொஞ்ச தூரம் போய்விடுகிறது. சூரியன், நிலா, பூமி மூன்றும் மறுபடி ஒரே வரிசைக்கு வர இன்னும் இரண்டு நாளுக்குமேல் வேண்டியிருக்கிறது.

நிலா சுற்றுகிறது என்பதற்கு நம் நாட்டு விண்கலமே சாட்சி. சந்திரயான்-3இன் விக்ரம் 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அந்தத் தேதியைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அந்த இடத்தில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. நிலாவில் சூரியன் உதித்து மறைய நம் கணக்கில் சுமார் 14 நாள் ஆகும். கலத்துக்கு மின்சாரம் வெயிலிலிருந்துதான் கிடைத்தது. அதனால் இருட்டுவதற்கு முன்பே, செப்டம்பர் 2ஆம் தேதி பிரக்யான் ஊர்தியையும் 4ஆம் தேதி விக்ரமையும் உறக்க நிலையில் வைத்தார்கள். தன்னைச் சுற்றாத நிலாவில் பகலும் இரவும் இப்படி மாத முறை வைத்து வராது.

அங்கே சூரியன் உதித்து மறையும். பூமி உதிக்காது, மறையாது. நிலாவின் இந்தப் பக்கத்தில் நிற்பவருக்கு பூமி வானத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். அங்கேயே நின்றபடி தேய்ந்து வளரும். நமக்கு அமாவாசை என்றால் அங்கிருப்பவருக்கு முழு பூமி. 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ-8இல் இருந்து பில் ஆண்டர்ஸ் எடுத்த படத்தில், நிலாவின் விளிம்புக்கு மேலே பூமி எழுவதைப் பார்த்திருப்பீர்கள். கலம் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்ததால் அப்படித் தெரிந்தது. தரையில் நின்றிருந்தால் அந்தக் காட்சி கிடைத்திருக்காது. மறுபக்கத்தில் நிற்பவருக்கோ பூமியே கிடையாது. அதனால்தான் 2019 ஜனவரி 3 அன்று சீனாவின் சாங்'இ-4 மறுபக்கத்தில் இறங்குவதற்கு முன்பே, செய்திகளை வாங்கி பூமிக்கு அனுப்ப ஒரு தனிச் செயற்கைக்கோளை ஏவ வேண்டியிருந்தது.

மறுபக்கம் எப்போதும் இருண்டு கிடக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. அமாவாசையன்று வெயில் முழுவதும் அந்தப் பக்கத்தில்தான் அடிக்கிறது. நாம் பார்த்ததில்லை, அவ்வளவுதான். சோவியத்தின் லூனா-3 கலம் 1959 அக்டோபரில் முதன்முதலாக அதைப் படம் பிடித்தது. படங்கள் மங்கல்தான். ஆனால் ஒன்று பளிச்சென்று தெரிந்தது: நாம் முயல் என்றும் வடை சுடும் பாட்டி என்றும் பிள்ளைகளுக்குக் காட்டும் கரும்பரப்புகள் அந்தப் பக்கத்தில் ஏறக்குறைய இல்லை. முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பெரும் பள்ளங்களை நிரப்பி உறைந்த எரிமலைக் குழம்புதான் அந்தக் கருமை. மறுபக்கத்தில் நிலாவின் மேலோடு தடிப்பானது. அதனால் குழம்பு அங்கே மேலே வந்தது குறைவு.

கருமையைச் சுற்றியுள்ள வெளிறிய பரப்பு அனார்த்தோசைட் என்னும் பாறை. இது நம் மாநிலத்திலும் இருக்கிறது: நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில். இஸ்ரோ தன் நிலா ஊர்திகளைச் சோதித்துப் பார்க்கச் செயற்கை நிலா மண் தயாரித்தபோது அந்தப் பகுதிப் பாறையைத்தான் பொடித்தார்கள். சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று செய்திகளில் வந்த அளவுக்கு இந்தப் பாறை பேசப்படவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளைச் சித்தம்பூண்டிக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். பிரக்யான் தன் கருவியால் சோதித்த மண்ணும் அந்த வகைப் பாறையோடுதான் பொருந்தியது. பிறந்த புதிதில் நிலா முழுவதும் உருகிய பாறைக் கடலாக இருந்தது, கனம் குறைந்த கனிமங்கள் மேலே மிதந்து ஓடாக உறைந்தன என்ற கருத்துக்கு அது வலு சேர்த்தது.

இனி உண்மையான கேள்விக்கு வருவோம். பூமியைச் சுற்ற 27.3 நாள், தன்னைச் சுற்றவும் 27.3 நாள். இரண்டும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது தற்செயலா? தற்செயல் கிடையாது. இதற்கான காரணம் உங்கள் ஊர்க் கடற்கரையில் தினமும் இரண்டு முறை நடக்கிறது.

கடல் ஏறுவதும் வற்றுவதும் நிலாவின் ஈர்ப்பால் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் நிலா தலைக்கு மேல் இருக்கும்போது மட்டும்தானே கடல் ஏற வேண்டும்? நிலா பூமிக்கு மறுபுறம் இருக்கும்போதும் ஏன் ஏறுகிறது? ஈர்ப்பு தூரம் கூடக் கூடக் குறையும். நிலாவுக்கு நேராக இருக்கும் கடலை அது அதிகமாக இழுக்கிறது. பூமியின் நடுவை அதைவிடக் குறைவாக. மறுபுறக் கடலை இன்னும் குறைவாக. இந்த ஏற்றத்தாழ்வால் பூமி நிலாவின் திசையில் நீள்கிறது. இரண்டு முனையும் புடைக்கின்றன. அந்தப் புடைப்புகளின் கீழே பூமி சுழல்வதால் நமக்கு நாளுக்கு இரண்டு ஏற்றம். நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழுவதால் ஏற்றமும் தினமும் அதே அளவு தள்ளிப்போகும். கடலோரத்தில் இருக்கும் நீங்கள் இதை என்னைவிட நன்றாகக் கவனித்திருப்பீர்கள். நம் கரையில் இந்த ஏற்றம் சிறியது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பல மீட்டர் ஏறும். அந்த ஏற்றத்தை நம்பித்தான் அலாங்கில் பழைய கப்பல்களைக் கரையேற்றி உடைக்கிறார்கள்.

இழுப்பின் மொத்த அளவைவிட, ஒரு முனைக்கும் மறு முனைக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே வேலை செய்கிறது. சூரியன் பூமியை நிலாவைப்போல் 180 மடங்கு பலமாக இழுக்கிறது. ஆனால் அது மிகத் தூரத்தில் இருப்பதால் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் வித்தியாசம் சொற்பம். அதனால் கடலை ஏற்றுவதில் சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிகூட இல்லை. இந்த வித்தியாசம் தரும் இழுப்புக்குத் தமிழில் ஓத விசை என்று பெயர். கல்லும் மண்ணும்கூட இதற்கு வளையும். நீங்கள் நிற்கும் தரையே தினமும் ஏறக்குறைய ஓரடி ஏறி இறங்குகிறது. எல்லாம் சேர்ந்து ஏறுவதால் நமக்குத் தெரிவதில்லை.

நிலா பூமிக்குச் செய்வதைப் பூமியும் நிலாவுக்குச் செய்கிறது. பூமியின் நிறை நிலாவைப்போல் 81 மடங்கு என்பதால் இன்னும் பலமாகவே செய்கிறது. ஆதியில் நிலா வேகமாகச் சுழன்றது. பூமியின் இழுப்பால் அதன் உடலில் எழுந்த புடைப்பு, சுழற்சியால் ஓரிடத்தில் நிற்க முடியாமல் பாறைக்குள் நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த உராய்வில் சுழற்சியின் ஆற்றல் வெப்பமாகக் கரைந்தது. புடைப்பு நகரத் தேவையில்லாத நிலை வந்ததும் உராய்வு நின்றது. அந்த நிலைதான் ஒரு சுற்றுக்கு ஒரு சுழற்சி.

இதே உராய்வு பூமியின் சுழற்சியையும் தடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் நம் நாள் நீள்கிறது. நூறு ஆண்டுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவு என்பதால் யாருக்கும் தெரியாது. ஆனால் பவளத்துக்குத் தெரிந்திருக்கிறது! பவளப்பூச்சி நாளுக்கு ஒரு மெல்லிய வரி கட்டும். பருவம் மாறும்போது வரிகளின் அடர்த்தியும் மாறும். ஏறக்குறைய 40 கோடி ஆண்டு பழைய பவளப் படிமங்களை ஜான் வெல்ஸ் என்ற ஆய்வாளர் 1963இல் எண்ணிப் பார்த்தபோது ஆண்டுக்குச் சுமார் 400 வரிகள் இருந்தன. ஆண்டின் நீளம் மாறவில்லை. அதற்குள் 400 பகல் அடங்கியிருந்தன என்றால் அன்றைய நாள் 22 மணி நேரம். வானியலில் நான் படித்த சான்றுகளில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பூமி இழக்கும் சுழற்சி நிலாவுக்குப் போய்ச் சேர்கிறது, நிலா விலகுகிறது. அப்பல்லோ வீரர்களும் சோவியத்தின் லூனோகோட் ஊர்திகளும் நிலாவில் விட்டுவந்த பிரதிபலிப்பான்கள் மீது பூமியிலிருந்து லேசர் ஒளியைச் செலுத்துகிறார்கள். ஒளி போய்த் திரும்ப இரண்டரை நொடி. அதை வைத்து அளந்ததில் நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுகிறது. இன்னும் சுமார் 60 கோடி ஆண்டு போனால் சூரியனை முழுதாக மறைக்க முடியாத அளவுக்குச் சிறிதாகத் தெரியும். முழு சூரிய கிரகணம் அதன்பின் பூமியில் கிடையாது.

இந்தக் கதை நம் நிலாவோடு முடியவில்லை. சூரியக் குடும்பத்தின் பெரிய துணைக்கோள்கள் எல்லாமே தத்தம் கோளுக்கு ஒரே முகத்தைத்தான் காட்டுகின்றன. நடுத்தர அளவுள்ளவற்றில் சனியின் ஹைப்பீரியன் விதிவிலக்காக, அச்சே நிலைக்காமல் புரண்டுகொண்டு போகிறது.

வியாழனின் அயோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1610 ஜனவரியில் கலிலியோ கண்டுபிடித்த நான்கு துணைக்கோள்களில் ஒன்று. அதன் விட்டம் 3,640 கிலோமீட்டர். நம் நிலாவுக்கு 3,474. அயோவுக்கும் வியாழனுக்கும் இடையே 4,22,000 கிலோமீட்டர். நிலாவுக்கும் நமக்கும் 3,84,400. அளவிலும் தூரத்திலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. வித்தியாசம் நடுவில் இருக்கும் கோளில்: வியாழனின் நிறை பூமியைப்போல் 318 மடங்கு. ஒரே முகத்தைக் காட்டும் நிலைக்கு வந்துவிட்ட அயோவில் உராய்வு நின்றிருக்க வேண்டும். ஆனால் அந்த நான்கில் அடுத்ததான யூரோப்பா ஒருமுறை சுற்றுவதற்குள் அயோ இரண்டு முறையும், அதற்கும் அடுத்ததான கனிமீட் ஒருமுறை சுற்றுவதற்குள் நான்கு முறையும் சுற்றிவிடுகிறது. இந்தக் கணக்குப் பொருத்தத்தால் மற்ற இரண்டும் அயோவை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்து, அதன் பாதையை வட்டமாக விடாமல் வைத்திருக்கின்றன. வியாழனுக்கு ஒருமுறை கிட்டவும் ஒருமுறை எட்டவும் போகும் அயோவின் தரை, 42 மணி நேரத்துக்கு ஒருமுறை நூறு மீட்டர் அளவுக்குக்கூட ஏறி இறங்குகிறது.

இவ்வளவு பிசைந்தால் உள்ளே உருகித்தான் ஆக வேண்டும், எரிமலை இருந்தாலும் வியப்பில்லை என்று பீல், காசன், ரெனால்ட்ஸ் என்ற மூவர் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். அது 1979 மார்ச் 2 அன்று அச்சில் வந்தது. மார்ச் 5இல் வாயேஜர்-1 வியாழனைக் கடந்தது. மார்ச் 8 அன்று அது எடுத்த ஒரு படத்தில், விண்கலத்தின் வழியைச் சரிபார்க்க நட்சத்திரங்களைத் தேடிக்கொண்டிருந்த லிண்டா மொராபிட்டோ என்ற பொறியாளர், அயோவின் விளிம்பில் சுமார் 280 கிலோமீட்டர் உயரத்துக்குக் கிளம்பியிருந்த ஒரு புகைக் குடையைக் கண்டார். பூமிக்கு வெளியே மனிதர் பார்த்த முதல் எரிமலை வெடிப்பு அது. கணக்கு அச்சேறி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இன்று அயோவில் 400க்கும் மேற்பட்ட எரிமலைகள் தெரியும். உங்கள் மகளிடம் இதை விரிவாகச் சொல்லுங்கள். கணக்குப் பாடத்தின்மேல் அவளுக்கு மதிப்பு வரும்.

அயோவில் கல்லை உருக்கும் அதே விசை, அடுத்துள்ள யூரோப்பாவில் மிதமாக வேலை செய்து, பனிக்கட்டி ஓட்டின் அடியில் ஒரு கடலை உறையாமல் காக்கிறது. பூமியின் கடல்கள் எல்லாம் சேர்ந்ததைப்போல் இரு மடங்கு நீர் அங்கே இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதை ஆராய 2024 அக்டோபர் 14 அன்று கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030 ஏப்ரலில் வியாழனை அடையும். சனியின் என்சலடஸ் 504 கிலோமீட்டர் விட்டமே உள்ள சிறு உருண்டை. சூரிய வெயில் மிகக் குறைவாகவே எட்டும் அந்தக் குளிரில் அது எப்போதோ உறைந்திருக்க வேண்டும். ஆனால் அதன் தென்துருவத்து வெடிப்புகளிலிருந்து நீராவியும் பனித்தூளும் பீறிடுவதை 2005இல் காசினி விண்கலம் கண்டது. அந்தக் கலம் அந்தப் பீச்சலுக்குள்ளேயே பறந்து உப்பு, கரிமச் சேர்மங்கள், ஹைட்ரஜன் எல்லாவற்றையும் அளந்தது. வெயிலே படாத இடத்தில் திரவ நீர் இருக்க முடியும் என்பதை இந்த இரண்டும் காட்டிவிட்டன. உயிர் தேடுபவர்கள் செவ்வாயைவிட என்சலடஸில் கூடுதல் பணம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஓத விசை எல்லோரையும் தள்ளிவிடுவதில்லை. செவ்வாயின் போபோஸ், செவ்வாய் தன்னைச் சுற்றுவதைவிட வேகமாக, ஏழரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அதைச் சுற்றிவிடுகிறது. அங்கே நின்று பார்த்தால் அது மேற்கில் உதித்துக் கிழக்கில் மறையும். கோளின் சுழற்சியை முந்தி ஓடும் துணைக்கோளை அதே புடைப்பு பின்னுக்கு இழுக்கும். அதனால் போபோஸ் நூறு ஆண்டுக்கு 1.8 மீட்டர் கீழே இறங்குகிறது. சுமார் 5 கோடி ஆண்டில் உடைந்து சிதறும். போபோஸைக் கண்டுபிடித்தவர் ஆசாப் ஹால், 1877இல், வாஷிங்டனில். தேடலைக் கைவிட இருந்த அவரைத் திரும்ப அனுப்பியவர் மனைவி ஏஞ்சலின் ஸ்டிக்னி. போபோஸின் மிகப் பெரிய பள்ளத்துக்கு இன்று ஸ்டிக்னி என்றுதான் பெயர். நெப்டியூனின் டிரைட்டன், கோள் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுவதால் அதுவும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு இன்னும் பல நூறு கோடி ஆண்டு அவகாசம் உண்டு.

புளூட்டோவிலும் அதன் துணையான கேரனிலும் வேலை முடிந்தே விட்டது. ஆசாப் ஹால் பணியாற்றிய அதே கடற்படை வானாய்வகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிறிஸ்டி, 1978 ஜூனில், படத்தில் புளூட்டோ ஒரு பக்கம் வீங்கித் தெரிவதைக் கவனித்துக் கேரனைக் கண்டுபிடித்தார். அங்கே கேரன் மட்டும் முகம் காட்டுகிறது என்றில்லை. புளூட்டோவும் கேரனுக்கு ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. இரண்டும் 6.4 நாளுக்கு ஒருமுறை, நேருக்கு நேர் பார்த்தபடி சுற்றுகின்றன. புளூட்டோவின் ஒரு பாதியில் இருப்பவருக்குக் கேரன் நகராமல் வானத்தில் நிற்கும்; மறு பாதியில் இருப்பவர் பயணம் போனால்தான் பார்க்க முடியும்.

டைட்டனைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் இல்லை. நம் காற்றைவிட அடர்த்தியான காற்றும், மீத்தேன் மழையும், ஏரிகளும் உள்ள சனியின் துணைக்கோள். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் அதில் இறங்கிப் படம் அனுப்பியது. அதற்குத் தனிக் கடிதம்தான் எழுத வேண்டும்.

எந்தக் கோளுக்கு எத்தனை துணைக்கோள் என்று போட்டித் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பழக்கம் இருக்கிறதே, அதில் மகளை இறக்கிவிடாதீர்கள். 2025 மார்ச்சில் மட்டும் சனிக்கு ஒரேயடியாக 128 சேர்ந்து எண்ணிக்கை 274 ஆனது. அவற்றில் பெரும்பாலானவை சில கிலோமீட்டர் அளவுள்ள பாறைத் துண்டுகள். கருவி கூர்மையாகும்போதெல்லாம் எண்ணிக்கை மாறும்.

அதைவிட அவள் இரண்டு வேலை செய்யட்டும். முதல் வேலை, நிலாவின் சிறு தலையசைப்பைப் பிடிப்பது. நிலா பூமியைச் சுற்றும் பாதை முழு வட்டம் இல்லாததாலும், அச்சு கொஞ்சம் சாய்ந்திருப்பதாலும், அதன் முகம் நமக்கு லேசாக இப்படியும் அப்படியும் திரும்பும். அதனால் மொத்தத்தில் நூற்றுக்கு 59 பங்கை நாம் பார்த்துவிடுகிறோம். பௌர்ணமி நிலா கிழக்கே எழும்போது அதன் மேல் விளிம்புக்கு அருகில், உச்சிக்குச் சற்று இடது பக்கம், தனியாக ஒரு கரிய நீள்வட்டம் தெரியும். அது மாரே கிரைசியம். அதற்கும் விளிம்புக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வரைந்து வைத்தால், சில மாதங்களில் அது அகல்வதும் குறுகுவதும் தெரியும். இரண்டாவது, வியாழன் இரவில் தெரியும் மாதங்களில் அதன் பக்கத்தில் தெரியும் புள்ளிகளைத் தொடர்ந்து நாலைந்து இரவு குறித்து வைப்பது. எது எவ்வளவு சீக்கிரம் இடம் மாறுகிறது என்று பார்த்தாலே எது உள் வட்டம், எது வெளி வட்டம் என்று அவளே சொல்லிவிடுவாள்.

இரண்டுக்கும் 10×50 பைனாகுலர் ஒன்று போதும். கை நடுங்காமல் இருக்க மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தொலைநோக்கி இப்போதைக்கு வேண்டாம். பகலில் பைனாகுலரை உங்கள் பொறுப்பிலேயே வைத்திருங்கள். விளையாட்டுக்குக்கூட அதைச் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது. கண்பார்வை நிரந்தரமாகப் போய்விடும்.

அன்புடன்.